சுத்தியலும் எதிரொலியும்

கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் இறக்கிய கான்கிரீட் தூணான பைல் உள்ளே பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க, அதன் தலையின் நைந்த கான்கிரீட்டைக் கொத்தி அகற்றி, கெட்டியான பரப்பில் மெழுகு வைத்து, அதிர்வை அளக்கும் முடுக்கமானியை ஒட்டிய பிறகே நான் கைச்சுத்தியலை எடுத்துத் தட்டுவேன். இதில் சோம்பினால் திரையில் இரைச்சல்தான் வரும். நல்ல கான்கிரீட்டில் அதிர்வலை நொடிக்கு ஏறத்தாழ 4,000 மீட்டர் வேகத்தில் செல்வதால், 20 மீட்டர் பைலின் அடியைத் தொட்டுத் திரும்ப 10 மில்லிநொடி ஆகும். சென்ற மாதம் ஒரு பைலில் 4 மில்லிநொடியிலேயே, அடித்த துடிப்பின் திசையிலேயே ஓர் எதிரொலி எழுந்தது; 8 மீட்டர் ஆழத்தில் குறுக்குவெட்டு சுருங்கியிருக்கலாம், அல்லது கான்கிரீட் நலிந்திருக்கலாம். (பருத்திருந்தால் துடிப்பு எதிர்த்திசையில் வந்திருக்கும்.) பக்கத்துப் பைல்களில் அப்படி எதுவும் தெரியாததால், மண் அடுக்கின் மாற்றம் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. எத்தனை டன் தாங்கும் என்று மேற்பார்வையாளர் கேட்டார். அதைச் சுமைச் சோதனைதான் சொல்லும் என்றேன்.