மூக்கடைப்போடு மீன் பிசைந்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்தில் ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுவந்து கூடிச் சாப்பிடுவதாக ஏற்பாடு. லண்டனுக்கு வந்த மூன்று வருடமாக இந்த மாதிரி நாட்களில் மசால் வடையோடு போய் நிற்பதே என் வழக்கம், இந்த முறை அவர்கள் ஊர்ப் பண்டத்தையே செய்து அசத்திவிடலாம் என்று ஒரு நப்பாசை. கீழ்வீட்டுப் பாட்டியிடம் யோசனை கேட்டேன். புகைபோட்ட மேக்கரல் மீனை க்ரீம் சீஸோடு பிசைந்து, மொறுமொறு ரொட்டியில் தடவிச் சாப்பிடு, மீனுக்கு அடுப்பே வேண்டாம் என்றார்.

மேக்கரல் நம்ம கானாங்கெளுத்திக்குச் சொந்தக்காரன். சூடான புகையிலேயே வெந்துவிட்டதால் பாக்கெட்டைப் பிரித்து அப்படியே தின்னலாம். இதைத் தூத்துக்குடிக்கு போன் போட்டுச் சொன்னால் அம்மா நம்பவில்லை.

"ஏல, வேகாத மீனையா ஊருக்கெல்லாம் குடுக்கப் போற?"

"வெந்ததும்மா. புகையில வெந்தது."

"மாசிக் கருவாடு மாதிரியா?"

சரியாகப் பிடித்துவிட்டார். மாசியும் சூரையை அவித்துப் புகைபோட்டுக் காயவைப்பதுதானே. இது மட்டும் கல்லாகக் காயாமல் எண்ணெய் மினுமினுப்போடு இருக்கிறது, தோலை இழுத்தால் காகிதம் மாதிரி உரிந்து வருகிறது. நடுவில் வரிசையாக முள் இருக்கும், அதைக் கண்ணால் தேடக் கூடாது, விரலால்தான் தேட வேண்டும். அது நமக்குப் பிறவிப் பழக்கம்.

200 கிராம் மீனுக்கு 100 கிராம் சீஸ், அரை எலுமிச்சம்பழம், உப்பு போடவே கூடாது, அப்புறம் ஒரே ஒரு டீஸ்பூன் ஹார்ஸ்ராடிஷ். இது கடுகு இனத்து வேர், துருவி வினிகரில் போட்டு பாட்டிலில் விற்கிறார்கள். அதற்கென்று தனியாக வாங்க வேண்டாம் என்று பாட்டி தன் வீட்டு பாட்டிலையே கொடுத்து, "ஒரு ஸ்பூன்" என்று விரலையும் காட்டி அனுப்பினார்.

அன்றைக்கு எனக்குச் சரியான ஜலதோஷம். ஒரு ஸ்பூன் போட்டு ருசி பார்த்தேன், லேசாகப் புளித்தது. இன்னொன்று போட்டேன், அதே புளிப்பு. மிளகாய் தின்று வளர்ந்த நம்மிடம் இவர்கள் காரத்தைப் பற்றிப் பேசுகிறார்களே என்று ஏளனமாகச் சிரித்துக்கொண்டே நாலு ஸ்பூன் போட்டேன். இந்தக் காரம் நாக்கில் உட்காராது, ஆவியாகி நேரே மூக்குக்குப் போகும் என்பதும், என்னிடம் அன்று மூக்கு என்று ஒன்று வேலையிலேயே இல்லை என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

ரொட்டிக்குத்தான் பாடுபட்டேன். மெல்பா டோஸ்ட் என்று பெயர், இதே லண்டனில் சவாய் ஹோட்டல் சமையல்காரர் எஸ்காஃபியே, நெல்லி மெல்பா என்ற பாடகிக்காகச் செய்தது என்பார்கள். டோஸ்ட் செய்த துண்டின் ஓரத்தை வெட்டிவிட்டு, கத்தியைப் படுக்க வைத்து அதை இரண்டு ஏடாகப் பிளந்து, மறுபடி ஓவனில் வைத்தால் அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும். எட்டுத் துண்டில் ஐந்து தேறியது, மூன்று என் வயிற்றுக்குள் போனது.

விருந்தில் முதலில் எடுத்தவர் மாடிவீட்டு மனிதர், ஆறடி உயரம், வாட்டசாட்டம். தாராளமாக அள்ளித் தடவி வாயில் போட்டார். இரண்டு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு உச்சந்தலையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். அடுத்து எடுத்த பெண்மணிக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, ஆனாலும் "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றார் பாருங்கள், அதுதான் இந்த ஊர் நாகரிகம். மரியாதைக்கு நானும் இரண்டு வாய் தின்றேன். மூன்றாவதில் அடைப்பு பொட்டென்று திறந்தது. ஐயோ, என்று நான் கத்தியது தமிழில்.

மிச்சத்தை அம்மா சொன்னபடி மறுநாள் வெங்காயம், கறிவேப்பிலையோடு சட்டியில் போட்டுக் கிளறினேன். சூடு பட்டதும் காரம் பறந்துவிட்டது, சப்பாத்திக்குப் பிரமாதம்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாட்டி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், அடியில் கொஞ்சம்தான் இருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஜலதோஷம் போய்விட்டதா?" என்றார்.