கேட் வரைக்கும் போதும்

போன ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. ஸ்கூல் வேன் வர ஐந்து நிமிடம்தான் இருந்தது. ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகன் நிமிர்ந்து, "அம்மா, மூச்சு வரலை" என்றான். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. விரல்கள் உள்பக்கமாக மடங்கி விறைத்துக்கொண்டன. "நான் செத்துப்போயிடுவேனாம்மா?" என்று பதினொரு வயதுப் பிள்ளை கேட்டால் யாருக்குத்தான் கை கால் ஓடும்?

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈசிஜி, ஆக்சிஜன் எல்லாம் சரியாக இருந்தன. பார்த்த டாக்டர், "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான்" என்று அவன் காதுபடவே சொன்னார். அந்தச் சொல் அவனை ரொம்பக் குத்திவிட்டது. மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். அவர் மடியில் படுத்திருந்த அரை மணி நேரம்தான் அன்று அவன் அமைதியாக இருந்தான்.

நான் செய்த தப்பு அதற்குப் பிறகுதான். பிள்ளை பாவம் என்று மூன்று வாரம் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு நாள் நன்றாக இருந்தான். அப்புறம் தெருவில் வேன் ஹாரன் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். ஒருநாள் இரவு 2 மணிக்கு, தாங்க முடியாமல் 14416க்குப் போன் செய்தேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. தமிழில் பேசலாம், காசு கிடையாது. எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழந்தைகளுக்கான மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்.

அந்த மருத்துவர் என்னிடம் பேசாமல் அவனிடம் பேசினார். பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால்தான் தலை சுற்றுகிறது, விரல் மரத்து மடங்குகிறது என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இப்படித் திடீரென்று வரும் பயம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடுமாம். "அப்ப நான் நடிக்கலை" என்றான் என்னைப் பார்த்து. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது வந்தால் "பயப்படாதே" என்று சொல்வதில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வேன். எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்வேன். வெளியே முத்து முத்தாக வேர்க்கும் துளிகளை அவன் எண்ணுவான். "மூச்சை இழு" என்றால் இன்னும் திணறுகிறான். "சூடா ரசம் இருக்கு, மெதுவா ஊது" என்றால் மூச்சு தானாக நீளமாக வெளியே போகிறது.

பள்ளிக்கும் படிப்படியாகத்தான். முதல் நாள் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினோம். மூன்று நாள் அதுவே. பிறகு லைப்ரரியில் அரை மணி நேரம், அப்புறம் முதல் இரண்டு பீரியட். வகுப்பு டீச்சர் கதவோரம் இடம் கொடுத்தார். எழுந்து போக அனுமதி கேட்க வேண்டாம், டீச்சர் மேஜையில் பென்சிலை வைத்துவிட்டுப் போனால் போதும். முழு நாள் உட்கார ஐந்து வாரம் ஆனது. அந்தப் பென்சிலை இரண்டே முறைதான் வைத்திருக்கிறான்.

பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. நேற்று ராத்திரி, காலையில் கணக்குப் பரீட்சை என்று தண்ணீர் பாட்டிலை அவனே ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் படுத்தான்.