ஒரு வேளை மாத்திரையும் தவறவில்லை. மருந்து எதிர்ப்பு எப்படி வந்தது?

நுரையீரல் காசநோய்க்கு முதன்முதலில் சிகிச்சை தொடங்கியபோது, என் சளியில் இருந்த கிருமி ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் என்று மரபணுப் பரிசோதனை காட்டியது. அதன்படி முதல் 2 மாதங்களுக்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்புடால் ஆகிய நான்கையும், அடுத்த 4 மாதங்களுக்கு முதல் இரண்டை மட்டும் எடுக்கச் சொன்னார்கள். இருமல் குறைந்தது; மாலைக் காய்ச்சல் நின்றது; உடல் எடையும் கூடியது. ஆனால் 2-ஆம் மாத முடிவில் கொடுத்த சளியில் கிருமி இன்னும் தெரிந்தது. மைக்ராஸ்கோப்பில் செத்த கிருமியும் தெரியும் என்பது உண்மைதான். இருப்பினும், அந்தச் சளியைக் கல்ச்சருக்கு (உயிருள்ள கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ஆய்வகப் பரிசோதனைக்கு) அனுப்பி, முடிவைப் பார்த்துவிட்டுத்தான் மருந்துகளை இரண்டாகக் குறைத்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

காய்ச்சல் திரும்பியபோது எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா?" என்பதுதான். ரிஃபாம்பிசினால் நாள்தோறும் ஆரஞ்சு நிறத்தில் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கேள்வி தந்த வலி, நோயின் வலியைவிடக் குறைந்ததல்ல.

வேறொரு மருத்துவமனையில்தான் விடை கிடைத்தது. முதல் சளியிலிருந்து வளர்க்கப்பட்ட கிருமி ஆய்வகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்ததால், அதையும் புதிய சளியையும் லைன் ப்ரோப் என்ற, மருந்து எதிர்ப்பைப் பட்டையில் கோடுகளாகக் காட்டும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மருத்துவர் இரண்டு மெல்லிய வெள்ளைப் பட்டைகளை அருகருகே வைத்துக் காட்டினார். பழைய பட்டையில் ரிஃபாம்பிசினுக்குரிய கோடுகள் எல்லாம் முழுமையாக இருந்தன. ஆனால் ஐசோனியாசிட் எதிர்ப்பைக் காட்டும் கோடு அப்போதே அழுத்தமாக விழுந்திருந்தது. புதிய பட்டையில் ரிஃபாம்பிசினுக்குரிய கோடுகளில் ஒன்று காணாமல் போயிருந்தது; அந்த மருந்துக்கும் எதிர்ப்பு வந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

அதாவது, ஐசோனியாசிட் தொடக்கத்திலிருந்தே வேலை செய்யவில்லை; நான்கு மருந்துகள் இருந்தவரை மற்றவை ஈடுகட்டின; இரண்டாகக் குறைத்த அன்றிலிருந்து நான் உண்மையில் ரிஃபாம்பிசினை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன். நுரையீரலில் குழி விழுந்த ஒருவருக்குள் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் ரிஃபாம்பிசினுக்கு மசியாதவை இயல்பாகவே மிகச் சில இருக்கலாம். மற்றவை மடிய மடிய, அந்தச் சிலவே பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மருந்து கிருமியை மாற்றுவதில்லை. ஏற்கெனவே மாறியிருப்பதைத் தேர்ந்தெடுத்து விட்டுவைக்கிறது. 1940-களின் இறுதியில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது பலருக்கும் இதுவே நடந்தது. கூட்டு மருந்துமுறையே அந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான். எனக்குச் செய்த முதல் மரபணுப் பரிசோதனை ரிஃபாம்பிசின் எதிர்ப்பை மட்டுமே பார்க்கக்கூடியது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஐசோனியாசிட்டுக்கும் சேர்த்துப் பரிசோதிக்கும்படி தொடக்கத்திலேயே கேளுங்கள்.

தோற்றுப்போன சிகிச்சையுடன் புதிதாக ஒரே ஒரு மருந்தைச் சேர்ப்பது அதே தவறைத் திரும்பச் செய்வதாகும் என்று சொல்லி, மருத்துவர் முறையையே மாற்றினார். புளூரோகுயினோலோன் (மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த மருந்து வகை) எதிர்ப்பு இல்லை என்று உறுதிசெய்தபின், பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் தொடங்கின. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்த 6 மாத முறை இது. முன்பெல்லாம் ஊசிகளுடன் ஒன்றரை ஆண்டுக்கு மேலும் இழுக்கும். இதயத் துடிப்பின் சீர் கெடாமல் இருக்கிறதா என்று அடிக்கடி ஈசிஜி எடுத்தார்கள். லினசோலிட்டுக்காக இரத்த அணுக்களையும் கண்பார்வையையும் கவனித்தார்கள். பாதங்களில் எரிச்சலும் மரமரப்பும் தொடங்கியதை உடனே சொன்னதால் அதன் அளவைக் குறைக்க முடிந்தது. அப்படியிருந்தும் எரிச்சல் இன்னும் முழுமையாக விடவில்லை.

கல்ச்சரில் இப்போது கிருமி வளரவில்லை. வீட்டில் உள்ளவர்களையும் பரிசோதித்தார்கள். யாருக்கும் நோய் இல்லை. ஆனால் என்னிடமிருந்த கிருமி அவர்களுக்குத் தொற்றியிருந்தால் வழக்கமான ஐசோனியாசிட் தடுப்பு மாத்திரை அதைத் தடுக்காது என்பதால், அவர்களுக்கு லெவோஃப்ளாக்சசின் கொடுக்கப்படுகிறது.