தம்பலகாமத்து வைக்கோல்

நேற்றுப் பின்னேரம் தம்பலகாமம் றோட்டால் வந்தேன். வெட்டு மெசின் இறங்கிப் போன வயலில் வைக்கோல் வரிசை வரிசையாகப் புகைந்துகொண்டிருந்தது. ஹெல்மெட்டுக்குள்ளும் அதே மணம். வீட்டுக்கு வந்தால் ஒரு பார்சல்: சின்னச் சார்ஜர் வயருக்கு இவ்வளவு பெரிய காட்போட் பெட்டி! எந்தக் காட்டு மரமோ.

இத்தனைக்கும் 1950களில் வாழைச்சேனைக் கடதாசி ஆலையைத் தொடங்கியதே வைக்கோலை நம்பித்தான். நாரை இறுக்கிப் பிடிக்கிற லிக்னின் எனும் பசை அதில் மரத்தைவிடக் குறைவு, கோஸ்டிக் சோடாவில் கெதியாக அவிந்து கூழாகும். வைக்கோலில் இருக்கிற சிலிக்கா, அதாவது மணலில் உள்ள அதே பொருள்தான் தொல்லை, அவித்த கழிவுநீரிலிருந்து சோடாவை மீட்கவிடாது. அது சரி, மழைக்கு முதல் அள்ளி அடுக்குவதும் லேசில்லை. வயற்கார ஐயாவைக் கேட்டேன். "ஆர் தம்பி காசு தந்து அள்ளப்போறான்?" என்றார்.

பெட்டியை இன்னும் எறியவில்லை. பூனை குடியேறிவிட்டது.