திறக்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி

புது ஹோட்டல் திறக்கறதுக்கு முன்னாடி ட்ரையல் ஸ்டேன்னு ஒண்ணு நடக்கும், வெளி ஆளுங்களுக்கு இது அவ்வளவா தெரியாது. ரூம் ரெடி, பெட் போட்டாச்சு, புக்கிங் மட்டும் இன்னும் திறக்கல, அந்த கேப்ல ஸ்டாஃபையே கெஸ்ட்டா தங்க வெச்சு எது ஒழுங்கா இருக்கு எது இல்லன்னு பாத்து ஸ்னாக் லிஸ்ட் (சரி பண்ண வேண்டிய குறைகளோட பட்டியல்) போடுவாங்க. நான் தரமணி கேட்டரிங் காலேஜ்ல படிச்சுட்டு அப்போலேர்ந்து ஹவுஸ்கீப்பிங்லதான் இருக்கேன். மவுண்ட் ரோடை ஒட்டி ஒரு பெரிய ஹோட்டல் திறந்தப்போ (பேர் வேண்டாம்) ஃப்ளோர் சூப்பர்வைசர், அப்போ எனக்கும் ஒரு ரூம் குடுத்தாங்க.

அந்த ஏரியாவுக்கு பெரிய ஹோட்டல் ஒண்ணும் புதுசு இல்ல. பின்னி ரோட்டுல கன்னிமரா வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து இருக்கு, நுங்கம்பாக்கத்துல தாஜ் கோரமண்டல் 1974ல வந்துச்சு, தேனாம்பேட்டையில வருஷக்கணக்கா அரைகுறையா நின்ன கட்டடம் 2011ல ஹயாத் ரீஜென்சியா திறந்துச்சு. ஊருக்கு நடுவுல இருக்கறதுதான் இவங்க எல்லாருக்கும் பலம், ராத்திரி ஆனா அதுவேதான் தொல்லையும். விடியக்காலையிலயே எம்டிசி பஸ் ஓட ஆரம்பிச்சுடும், ஆயிரம் விளக்கு பக்கம்னா பாங்கு சத்தம் கேக்கும், ஹாரனுக்கு நேரம் காலமே கிடையாது. எங்க ஹோட்டல்ல ஜன்னலுக்கு ரெண்டு அடுக்கு கண்ணாடி போட்டு அதை எல்லாம் நல்லாவே அடக்கிட்டாங்க, அதுல எனக்கு நிஜமாவே சந்தோஷம்.

ஆனா வெளி சத்தம் அடங்கினதும் உள்ள இருக்கற சத்தம் எல்லாம் ஒவ்வொண்ணா கேக்க ஆரம்பிச்சுது, சர்வீஸ் லிஃப்ட் வந்து நிக்கறப்போ அடிக்கற மணி, பேன்ட்ரிலேர்ந்து தள்ளிட்டு வர்ற ட்ராலி சக்கரம், பக்கத்து ரூம் கதவு டோர் க்ளோசர் டைட்டா இருந்ததால டமால்னு அடிச்சது, மினிபாரோட உர்ர்ர் சத்தம். பகல்ல அதே காரிடார்ல எத்தனையோ தடவை நடந்திருக்கேன், இதுல ஒண்ணு கூட காதுல விழுந்ததில்ல. படுத்தாதான் தெரியுது, ஏசி காத்து நேரா தலகாணி மேல இறங்குது, டிவியோட சின்ன சிவப்பு லைட்டு கண்ணுக்கு நேரா நிக்குது, ப்ளாக் அவுட் கர்ட்டன் ரெண்டும் சேர்ற இடத்துல கோடு மாதிரி வெளிச்சம் வருது. பெட்ல உக்காந்து பாரு, டாய்லெட்ல உக்காந்து பாரு, கெஸ்ட் கண்ணு எங்க போகும்னு பாருன்னு எங்களுக்கு காலேஜ்லயே சொல்லிக்குடுப்பாங்க. ஆனா உக்காந்து பாக்கறது ரெண்டு நிமிஷம், ராத்திரி முழுக்க படுக்கறது வேற விஷயம்.

பாத்ரூம்தான் பெரிய சப்ஜெக்ட். இத்தாலி மார்பிள், ரெயின் ஷவர் எல்லாம் அழகா இருக்கு, தரை சரிவு சரியா இல்லாததால தண்ணி கண்ணாடி தாண்டி வெளிய வருது. அப்புறம் நம்ம ஊரு உப்புத் தண்ணி, அதை மென்மையாக்கற சாஃப்ட்னர் ப்ளான்ட் சரியா ஓடலன்னா ஷவர் கண்ணாடியில வெள்ளையா படிஞ்சுடும், அப்புறம் எவ்வளவு தேச்சாலும் முழுசா போகாது. வாளியும் மக்கும் டிசைனுக்கு ஒத்துவராதுன்னு வைக்கவே இல்ல, கேட்டா கொண்டு வந்து குடுக்கலாமாம். பூண்டி, சோழவரம், ரெட் ஹில்ஸ், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் வறண்ட 2019 கோடையை பாத்த ஊரு இது, ஒரு பாத்டப் நிரம்ப 150, 200 லிட்டர் ஆகும், ரெண்டு வாளியில குளிக்கற கெஸ்ட்டுக்கு வாளியை ஒளிச்சு வைக்கறது எனக்கு சுத்தமா புடிக்கல. எழுதிக் குடுத்தேன், கொஞ்ச நாள்ல எல்லா ரூம்லயும் வாஷ்பேசின் கீழ வந்துடுச்சு.



நான் முக்கியமா சொல்ல வந்தது வேற. ட்ரையலுக்கு முதல்ல போட்ட லிஸ்ட்ல எல்லாமே மேனேஜருங்க, அவங்க குடும்பம், ஆபீஸ் ஆளுங்க, ரூமை சுத்தம் பண்ணி பெட் போடற ரூம் அட்டெண்டன்ட் ஒருத்தர் கூட இல்ல. ஒரு ஷிஃப்டுக்கு 12லேர்ந்து 15 ரூம் பண்ணப்போறது அவங்கதான், ஒரு ரூமுக்கு அரை மணி நேரம் கூட முழுசா கிடைக்காது, அந்த ரூம்ல ஒரு கெஸ்ட்டுக்கு என்ன நடக்குதுன்னே தெரியாம எப்படி பண்ணுவாங்கன்னு எங்க டிபார்ட்மென்ட் ஹெட், எக்ஸிக்யூடிவ் ஹவுஸ்கீப்பர் மேடம்கிட்ட கேட்டேன். அவங்க உடனே ஒத்துக்கிட்டு ஜெனரல் மேனேஜர்கிட்ட பேசி ரூம் வாங்கிக் குடுத்தாங்க, அதுக்கு அவங்களுக்கு எப்பவும் நன்றி.

வியாசர்பாடிலேர்ந்து வர்ற ஒரு அக்கா, இந்த வேலையில என்னைவிட சீனியர், அவங்க ஒரு ரூம்ல தங்கினாங்க. காலையில, தங்கினவங்க குறை எழுதிக் குடுக்கற ஃபார்மை குடுத்துட்டு சொன்னாங்க, "சார், நாம கால் பக்கம் டூவேவை, அந்த மெத்து போர்வையை, இழுத்து இறுக்கமா சொருகுறோம்ல, உள்ள படுத்தா கால் விரலை நிமித்தவே முடியல, நான் ராத்திரியே எழுந்து உருவி விட்டுட்டேன்." வருஷக்கணக்கா கார்னர் பர்ஃபெக்டா இருக்கான்னு செக் பண்ணிட்டு இருந்த எங்க யாருக்கும் இது தோணல, மேனேஜருங்க எழுதின ஃபார்ம் எதுலயும் இது இல்ல. அடுத்த வாரமே கால் பக்கம் கொஞ்சம் லூசா விடணும்னு ஸ்டாண்டர்டை மாத்தினோம். பாத்மேட் வழுக்குதுன்னும், குப்பை டப்பா கட்டில்லேர்ந்து கைக்கு எட்டலன்னும் அவங்கதான் எழுதியிருந்தாங்க. 7,500 ரூபாய்க்கு மேல போற ரூமுக்கு 18 பர்சென்ட் ஜிஎஸ்டியும் சேர்த்துக் கட்டிட்டு வர்ற கெஸ்ட் இதை எல்லாம் வாயைத் திறந்து சொல்லமாட்டார், அடுத்த தடவை வேற ஹோட்டலுக்குப் போயிடுவார்.

அந்த அக்கா அப்புறம் புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தப்போ பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன். "இப்படி போடு"ன்னு மட்டும் சொல்லமாட்டாங்க, "இப்படி போட்டா படுக்கறவங்களுக்கு கழுத்து வலிக்கும்"னு சொல்லுவாங்க. மேனுவலைப் படிச்சு நான் குடுத்த எந்த ட்ரெயினிங்லயும் அந்த மாதிரி ஒரு வரி வந்ததில்ல.

ஓப்பனிங்குக்கு முன்னாடி ரூம் எப்படியும் காலியாத்தான் கிடக்கும், லாண்டரியும் ஒரு ப்ரேக்ஃபாஸ்ட்டும்தான் செலவு. ப்ரீ ஓப்பனிங் டீம்ல இருக்கறவங்க தயவுசெஞ்சு அட்டெண்டன்ட் பேரையும் லிஸ்ட்ல சேருங்க, சூட் ரூம் வேண்டாம், சர்வீஸ் லிஃப்ட் பக்கத்து ரூமும் ரோட்டைப் பாத்த கீழ் ஃப்ளோர் ரூமும் குடுங்க, அங்கதான் விஷயம் வெளிய வரும். அவங்க தங்கற ராத்திரி டியூட்டி கணக்குல வரணும், மறுநாள் லீவும் குடுத்துடணும், இதை ஹெச்ஆர்கிட்ட முன்னாடியே பேசி எழுத்துல வாங்கிடுங்க.