வழும்பு பிடித்த தண்ணீர்

காகித மெஷினில் தாள் அறுந்தால் நான் முதலில் ஹெட்பாக்ஸ் (கூழ்த்தண்ணீரை மெஷினில் பரப்பிவிடும் பெட்டி) ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். வழவழவென்று ஒட்டினால் காரணம் தெரிந்துவிட்டது. அந்த வழும்பு ஒரு துணுக்கு பிய்ந்து தாளில் விழுந்தால் போதும், காய்ந்ததும் பழுப்புப் புள்ளி, இல்லாவிட்டால் ஓட்டை, அப்புறம் தாள் அறுந்து மெஷின் நிற்கும்.

இந்த வழும்பு பாக்டீரியா கட்டும் படலம். அதற்கு மெஷின் தண்ணீரைவிட நல்ல இடம் ஏது? இளஞ்சூடு, ஸ்டார்ச், நார்த்தூள் எல்லாம் அதே தண்ணீரில் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. தண்ணீரை மிச்சப்படுத்த வேண்டியதுதான், ஆனால் சுற்றை இறுக்க இறுக்க அதற்குத் தீனியும் கூடுகிறது.

உடனே 'மருந்தைக் கூட்டு' என்பார்கள், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் குளோரின் போன்றவற்றை. எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீரின் காரத்தன்மை கூடி பிஎச் 8-க்கு மேல் போனால் குளோரினின் வீரியம் குறையும், மிச்சத்திலும் ஒரு பங்கை நாரும் ஸ்டார்ச்சுமே தின்றுவிடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த மோனோகுளோரமைன் மெதுவாக வேலை செய்தாலும் படலத்துக்குள் நன்றாக இறங்கும். ஏற்கெனவே தடித்துப் படிந்ததை ஷட்டவுனில் காஸ்டிக் சோடா போட்டுச் சூடாகச் சுற்றவிட்டுக் கழுவித்தான் எடுக்க வேண்டும்.

ஒருமுறை, நாள்கணக்கில் நின்ற கூழ்த்தொட்டியின் மூடியைத் திறந்தோம். அழுகிய முட்டை நாற்றம். படிவுக்கு அடியில், காற்றுப்படாத இடத்தில் வளரும் பாக்டீரியா விடும் ஹைட்ரஜன் சல்பைடு அது. அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, ஆள் சுருண்டு விழுவார். வாயு மீட்டர் வைத்துப் பார்க்காமல் தயவுசெய்து யாரும் உள்ளே இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள்.