கழுத்தில் அடிபட்டவரின் பிபி

கழுத்தில் அடிபட்டு தண்டுவடம் பாதிக்கப்பட்டவரை எங்கள் மறுவாழ்வு வார்டுக்குக் கொண்டுவரும் குடும்பங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சிஸ்டர், எப்போ நடப்பார்?" பனை ஏறி விழுந்தவர், பைக் விபத்தில் சிக்கியவர், ஆழம் தெரியாமல் கிணற்றில் தலைகீழாகக் குதித்த பையன், யாராக இருந்தாலும் இதே கேள்விதான். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை பிபியும் வேர்வையும் மூத்திரமும்தான்.

நாம் நினைக்காமலே உடம்புக்குள் நடக்கிற வேலைகளைப் பார்ப்பது தன்னியக்க நரம்புகள். அதில் இதயத்தை முடுக்கி ரத்தக்குழாய்களை இறுக்குகிற பிரிவுக்கு மூளையின் உத்தரவு கழுத்து வழியாக, தண்டுவடத்துக்குள்ளேதான் இறங்க வேண்டும். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்புக்கு அந்தத் தொல்லை இல்லை, அது மூளைத்தண்டிலிருந்து தனியாக வந்துவிடுகிறது. ஆக, கழுத்தில் வடம் நசுங்கினால் முடுக்குகிற பக்கம் மட்டும் போய்விடும். முதல் நாட்களில் பிபி விழுந்து நாடியும் மெதுவாக ஓடுவது இதனால்தான். அப்புறம் உட்கார வைத்தாலே கண் இருட்டும். வயிற்றுக்குப் பெல்ட், காலுக்கு இறுக்கமான சாக்ஸ் போட்டு, கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பழக்குவோம். சித்திரை வெயிலில் காயத்துக்குக் கீழே வேர்க்காது, உடம்பு கொதிக்கும். அதற்கு ஈரத்துணியும் மின்விசிறியும்தான், காய்ச்சல் மாத்திரை உதவாது.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். என்னை எப்போதும் பயமுறுத்துவது திடீரென ஏறுகிற பிபி. நெஞ்சின் 6ஆம் தண்டுவடப் பகுதியிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு வருவது. மூத்திரப்பை நிரம்பினால் அந்தச் சேதி மூளைக்குப் போகாது, ஆனால் காயத்துக்குக் கீழே இருக்கிற வடம் தானாகவே ரத்தக்குழாய்களை இறுக்கிவிடும்; மூளை 'தளர்த்து' என்று சொன்னாலும் அந்த உத்தரவு கழுத்தைத் தாண்டாது. மருத்துவர் லுட்விக் குட்மனும் உடலியல் ஆய்வாளர் விட்டெரிட்ஜும் 1947லேயே இதை விளக்கி எழுதிவிட்டார்கள். இருந்தும் பல இடங்களில் இன்னும் இது சாதாரண ரத்தக்கொதிப்பாகவே பார்க்கப்படுகிறது.

எங்களிடம் இருந்து வீடு திரும்பிய பனையேறி ஒருவருக்கு ஒரு ராத்திரி தலை பிளக்கிற வலி. முகம் சிவந்து நெற்றியில் வேர்வை கொட்டுகிறது, மார்புக்குக் கீழே தோல் வெளுத்துப் புல்லரித்திருக்கிறது. பக்கத்து ஆஸ்பத்திரியில் பிபி பார்த்ததும் படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் மனைவி விடவில்லை. "படுக்க வச்சா இன்னும் ஏறும், உட்கார வைங்க சார், மூத்திர டியூப் அடைச்சிருக்கான்னு பாருங்க" என்று நின்றிருக்கிறார். டியூப் அடைத்துத்தான் இருந்தது. மாற்றியதும் மூத்திரம் கொட்டியது, பிபி இறங்கியது. பள்ளிக்கூடம் தாண்டாத அந்த அக்கா அன்று ஒரு பக்கவாதத்தைத் தடுத்தார் என்றே நம்புகிறேன்.

சில சமயம் இன்னொரு சிக்கல். இவர்களுக்கு இயல்பான பிபியின் மேல் அளவே 90, 100தான் இருக்கும். அவர்களுக்கு 140 என்பது 'கொஞ்சம் அதிகம்' இல்லை, ஆபத்து. வழக்கமான அளவைவிட 20, 40 ஏறினாலே உஷாராக வேண்டும்.

ஆய்க்குடி ராமகிருஷ்ணன் 1975இல் கழுத்தில் அடிபட்டு, 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். மனம் உடைந்து வருகிறவர்களிடம் அவரைப் பற்றிச் சொல்வேன். கழுத்துக்குக் கீழே அசையாத உடம்போடு நீண்ட காலம் வாழ முடியும், பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த விஷயங்கள் தெரிந்திருந்தால்.

அதனால் வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதித் தருகிறோம்: இவருடைய வழக்கமான பிபி இவ்வளவு, ஏறினால் நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், டியூபைப் பாருங்கள், அப்புறம் மலச்சிக்கல், படுக்கைப்புண், காலில் நகம் குத்துகிறதா என்று பாருங்கள், இறங்காவிட்டால் மருந்து. பீரோவில் பத்திரப்படுத்தாமல் வீல்சேரிலேயே கட்டித் தொங்கவிடுங்கள் என்றும் சொல்லி அனுப்புகிறோம்.